தெருக்குறையைப் பேரூராட்சியில் தீர்த்துக்கொள்வது எப்படி? குமரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருமுனையில் மழைநீர் தேங்கியதற்காக எட்டு மாதம் பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தேன். நான்கு மனுக்கள் கொடுத்தேன். ஒன்பதாம் மாதம் அங்கே மாற்றலாகி வந்த ஓர் எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், அந்த ஓடை நம்முடையது இல்லை, நெடுஞ்சாலைத் துறையுடையது" என்றார். நான்கு மனுக்களும் அதே அலுவலகத்தில் கிடந்தன. உரிய இடத்துக்கு அவற்றை அனுப்பவும் இல்லை, எனக்குச் சொல்லவும் இல்லை.

அதன் பிறகு அக்கம்பக்கத்தார் பலருடன் இதே வேலையாகப் போய் வந்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். எழுதத் தெரியாமல் விழுகிறவர்கள் குறைவு. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசை தெரியாமல் விழுகிறவர்களே அதிகம். ஆகவே இங்கே வரிசையைத்தான் அழுத்திச் சொல்கிறேன்.

நாகர்கோவில் மாநகராட்சியிலும், குளச்சல், குழித்துறை, பத்மநாபபுரம், கொல்லங்கோடு போன்ற நகராட்சிகளிலும், பேரூராட்சி நிர்வாகத்தின் தலைமை அதிகாரியான செயல் அலுவலர் இருக்கும் இடத்தில் ஆணையர் இருப்பார். மற்ற படிகள் பெரிதாக மாறாது.

போகும் முன் கையில் வேண்டியவை

நடப்பு அரையாண்டின் வீட்டுவரி ரசீது முதலில் வேண்டும். அதில் வரிவிதிப்பு எண்ணும் வார்டு எண்ணும் இருக்கும். நம் மாவட்டத்தில் ஊர்கள் இடைவெளியின்றி ஒட்டிக் கிடக்கின்றன. சாலையின் ஒரு பக்கம் பேரூராட்சி, மறுபக்கம் கிராம ஊராட்சி என்பது சாதாரணம். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை ரசீதுதான் சொல்லும்.

வரி பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். தெருவிளக்கு கேட்கப் போனவரிடம் பாக்கியைப் பற்றிப் பேச்சு திரும்பினால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டுகிறவர்களுக்கு 5 சதவீதம் (அதிகபட்சம் 5,000 ரூபாய்) ஊக்கத்தொகை கழிவாகக் கிடைக்கிறது.

இவற்றுடன் ஒரு நோட்டு. யாரைப் பார்த்தோம், எந்தத் தேதியில், என்ன சொன்னார்கள் என்று வீட்டுக்கு வந்ததும் எழுதிவையுங்கள். மூன்றாம் மாதம் நினைவு நிச்சயம் ஏமாற்றும்.

1. அது யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

மனு எழுதும் முன் செய்ய வேண்டியது இது. ஒரே தெருவில் நான்கு துறைகளின் சொத்து இருக்கும். தவறான துறைக்குப் போன மனு எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் நகராது.

தெருவிளக்கு: கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை. கம்பத்தில் தொங்கும் விளக்கு பேரூராட்சியுடையது. வரிசையில் ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பேரூராட்சிக்குப் போங்கள். தெருவே இருண்டு வீடுகளிலும் மின்சாரம் இல்லை என்றால் மின்வாரியம். வீடுகளில் மின்சாரம் இருந்து விளக்குகள் மட்டும் மொத்தமாக அணைந்திருந்தால் சுவிட்சுப் பெட்டியில் கோளாறு இருக்கலாம், அதையும் பேரூராட்சியில்தான் முதலில் சொல்ல வேண்டும். அறுந்து தொங்கும் கம்பிக்கு மனு எழுதிக் கொண்டிருக்காதீர்கள். அருகில் யாரையும் விடாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கு உடனே பேசுங்கள்.

சாலை: களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் போவது தேசிய நெடுஞ்சாலை. பேரூராட்சி எல்லைக்குள் ஓடினாலும் அது பேரூராட்சியின் சாலை ஆகாது. ஊர்களை இணைக்கும் பெரிய சாலைகள் பல மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. மைல்கல்லின் தலைப்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல் இல்லாத சாலைகளுக்கு, பேரூராட்சியில் சாலைப் பதிவேடு இருக்கிறது. "இந்தச் சாலை பதிவேட்டில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். சாலையை ஒட்டிய மழைநீர் ஓடையும் பெரும்பாலும் சாலை யாருடையதோ அவர்களுடையதுதான். நான் எட்டு மாதத்தை இழந்தது இங்கேதான்.

சானல்: அனந்தனார் சானல், தோவாளை சானல், பட்டணங்கால் போன்றவை கோதையாறு பாசனத்தைச் சேர்ந்தவை, நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளவை. சானலில் கரை உடைந்தாலோ பாசி அடைத்தாலோ அந்தத் துறையிடம் போக வேண்டும். மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் இதற்கு மிகப் பொருத்தமான இடம், பாசனப் பொறியாளர்கள் அங்கேயே இருப்பார்கள். ஆனால் அதே சானலில் தெருக்குப்பையையும் கழிவுநீரையும் விடுவதைத் தடுப்பது பேரூராட்சியின் வேலை. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இரண்டு அலுவலகமும் மற்றவரைக் கைகாட்டும்.

குளம்: இதில் ஊகம் கூடாது. நீர்வளத்துறைக் குளம், பேரூராட்சிக் குளம், கோயில் குளம் மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம், நிலம் யாருடையது என்று காட்டும் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும் அதைப் பார்க்கலாம்.

குடிநீர்: முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் உங்கள் இணைப்புக் குழாயில் கோளாறு. தெரு முழுவதும் இல்லை என்றால் வால்வு, உடைப்பு, தொட்டி ஆகியவற்றில் ஒன்று. இவை பேரூராட்சியில் பேச வேண்டியவை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் பெறும் ஊர் முழுவதும் இல்லை என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் பெரிய குழாயில் சிக்கல் இருக்கலாம். அப்போதும் பேரூராட்சிக்குச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் எதிர்பார்ப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

2. பாதை தனியாருடையது என்றால்

கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் வீடுகள் தெருவாக அமையாமல் விளைகளுக்குள், அதாவது தோட்ட நிலங்களுக்குள், தனித்தனியாக அமைந்தவை. விளைக்கு விளை போகும் இடவழி தலைமுறைகளாக எல்லோரும் நடந்த வழியாக இருக்கும். ஆனால் பத்திரத்தில் அது யாரோ ஒருவருடைய மூன்று சென்டாக இருக்கும். அங்கே கான்கிரீட் தளம் போட்டுத் தரும்படி மனு கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறவர்களை நான் அறிவேன்.

தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைச் செலவழித்தால் தணிக்கையில் செயல் அலுவலர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அவர் தயங்குவது நியாயம். நடக்கும் உரிமை வேறு, நிலத்தின் உடைமை வேறு.

வழி ஒன்றுதான். பாதையில் நிலம் உள்ள அத்தனை பேரும் தங்கள் பகுதியைப் பேரூராட்சிக்குத் தானமாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பிறகு வார்டு உறுப்பினர்கள் அடங்கிய பேரூராட்சி மன்றம் அதை ஏற்றுத் தீர்மானம் போட வேண்டும், பாதை சாலைப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் தளத்துக்கான மனு.

இதிலும் வரிசை இருக்கிறது. பாதையின் வாயிலில் நிலம் உள்ளவரிடம் முதலில் பேசுங்கள். உள்ளே பத்துப் பேர் சம்மதித்து வாயிலில் ஒருவர் மறுத்தால் பாதை கிடையாது. வயதில் மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, மாலையில், அவர் வீட்டுக்கே போய்ப் பேசுங்கள். அலுவலகத்தில் வைத்துப் பேசினால் அது வழக்காக மாறிவிடும்.

மேற்குப் பகுதியில் 1956க்கு முந்தைய பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்த பத்திர எழுத்தரிடம் காட்டி, எல்லைகளில் 'வழி' என்று எங்கே குறித்திருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். பாதி பிணக்குகள் அங்கேயே தீரும்.

3. பாருங்கள், அளவெடுங்கள், படம் எடுங்கள்

"எங்கள் தெருவில் ஓடை சரியில்லை" என்பது மனு ஆகாது. எங்கிருந்து எங்கே வரை, எத்தனை மீட்டர், எந்த வீட்டு எண்ணின் எதிரே அடைப்பு? இவை வேண்டும். விளக்குக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண் வேண்டும். எண் அழிந்திருந்தால் அருகிலுள்ள வீட்டின் கதவு எண்ணைக் குறியுங்கள்.

தண்ணீர் தேங்குவதை மழை பெய்யும்போதே படம் எடுங்கள். பிப்ரவரியில் காய்ந்த ஓடையின் படத்தைக் காட்டினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. தேங்கிய தண்ணீர் எந்தப் படிக்கட்டு வரை ஏறியது என்று ஒரு படம் இருந்தால் பத்து வரி எழுத்துக்குச் சமம்.

ஓடை என்றால் கடைசிவரை நடந்து பாருங்கள். உங்கள் வாசலில் நிற்கும் தண்ணீருக்குக் காரணம் இருநூறு மீட்டர் தள்ளி யாரோ வண்டி ஏற மண் போட்டு மூடிய சிறுபாலமாக இருக்கும். அதைப் பார்க்காமல் உங்கள் வாசலில் மட்டும் ஓடையை ஆழமாக்கச் சொன்னால் தண்ணீர் இன்னும் அதிகமாகத்தான் நிற்கும்.

4. ஒரு தாள், ஒரு குறை

விளக்கு, குப்பை, ஓடை, நாய்த் தொல்லை நான்கையும் ஒரே மனுவில் எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அந்த மனு எந்தப் பிரிவுக்கும் முழுதாகச் சொந்தமில்லாததால் எந்த மேசையிலும் நிற்காது. நாய்த் தொல்லைக்குப் பதில் எழுதிவிட்டு மனு தீர்க்கப்பட்டதாகவும் கணக்கு முடிக்கலாம். நான்கு குறைக்கு நான்கு தாள்.

எழுதும் முறைக்கு ஒரு மாதிரி:

"பெறுநர்: செயல் அலுவலர் அவர்கள், … பேரூராட்சி. பொருள்: வார்டு 7, … தெரு, கம்பம் எண் … இல் தெருவிளக்கு எரியாமை. மேற்கண்ட கம்பத்தின் விளக்கு ஜூன் 3 முதல் எரியவில்லை. ஜூன் 5 அன்று அலுவலகத்தில் நேரில் தெரிவித்தேன். இத்தெரு வழியாக மாலை வகுப்பு முடிந்து மாணவிகள் வருகிறார்கள். விளக்கைச் சரிசெய்து தரவும், எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: புகைப்படம் 1."

இதற்கு மேல் வேண்டாம். "எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்கவும்" என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பின்னால் மேலே போக நேர்ந்தால் அந்த வரிதான் உங்கள் பிடிமானம்.

யாரையும் குற்றம் சாட்டி எழுத வேண்டாம். குறைக்கு விடை எழுதுவது எளிது, குற்றச்சாட்டுக்கு மறுப்பு எழுதுவார்கள்.

5. உரிய ஆளிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்

சிறிய வேலைகளை மனு இல்லாமலே முடிக்கலாம். விளக்கு மாற்றுவது, குழாய்க் கசிவை அடைப்பது, குப்பை எடுப்பது போன்றவற்றுக்குத் தூய்மைப் பணி மேற்பார்வையாளரையோ குடிநீர்ப் பணியாளரையோ காலையில் களத்திலேயே பார்த்துச் சொல்லுங்கள். அவர்கள் அதிகாலையில் வெளியே இருப்பவர்கள். பதினொரு மணிக்கு அலுவலகத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். மரியாதையாகக் கேட்டால் அன்றே செய்து கொடுக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று நான்கு நாளில் நடக்கவில்லை என்றால் மனு.

கட்டுமானம் சார்ந்தவற்றுக்குப் பொறியாளரைப் பார்க்க வேண்டும். ஒரே பொறியாளர் பல பேரூராட்சிகளைக் கவனிப்பது வழக்கம். அவர் உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை வருவார் என்று முதலில் கேட்டு வையுங்கள். செயல் அலுவலரும் பக்கத்துப் பேரூராட்சியைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறவராக இருக்கலாம். இது தெரியாமல் வேலையை விட்டு வந்து திரும்பிப் போனவர்கள் அலுவலகத்தையே வெறுத்துவிடுகிறார்கள்.

மனுவை இரண்டு படியாகக் கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதி, கையெழுத்து, அலுவலக முத்திரை மூன்றும் வாங்குங்கள். "வைத்துவிட்டுப் போங்கள்" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள். முத்திரை தர மறுத்தால் வாதாட வேண்டாம், அஞ்சல் நிலையத்துக்குப் போய் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் படியுடன் சேர்த்து வையுங்கள்.

மனுவுக்கு மூன்று நாளுக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்று 2015ஆம் ஆண்டின் அரசாணை 99 சொல்கிறது. அந்த ஒரு மாதம் எந்த நாளில் தொடங்கியது என்பதற்குச் சான்று உங்கள் கையிலுள்ள முத்திரை மட்டுமே.

6. பெரிய வேலை என்றால் மன்றமும் மாதமும்

புதிய ஓடை, கான்கிரீட் தளம், பக்கச்சுவர் போன்றவை செயல் அலுவலர் ஒருவரால் நாளைக்கே செய்யக்கூடியவை அல்ல. மதிப்பீடு தயாராக வேண்டும், மன்றத் தீர்மானம் வேண்டும், அனுமதிகள் வேண்டும், பிறகு டெண்டர், பிறகு பணி ஆணை. மனு இப்போது எந்தப் படியில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அந்தப் படியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "என்ன ஆயிற்று?" என்றால் "பார்க்கிறோம்" என்று பதில் வரும். "மதிப்பீடு தயாரா?" என்றால் ஆம், இல்லை என்று வரும்.

மனுவின் ஒரு படியை வார்டு உறுப்பினருக்குக் கொடுங்கள். கூட்டத்தன்று காலையில் கொடுத்தால் பயனில்லை, பொருள்நிரல் முன்பே அச்சாகியிருக்கும். பத்து நாளாவது முன்னதாகக் கொடுங்கள். உறுப்பினருக்கும் உங்களுக்கும் கட்சி வேறு என்பதால் அவரைத் தாண்டிப் போக வேண்டாம். மன்றத்தில் உங்கள் தெருவைப் பற்றிப் பேச வேறு யாருமில்லை. 2016க்கும் 2022க்கும் இடையே உறுப்பினர்களே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வகித்த காலத்தில் பெரிய வேலை கேட்டு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மாதக் கணக்கும் முக்கியம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, வரவுசெலவுத் திட்டம் அதற்கு முன்பே உருவாகிறது. நமக்கோ இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாமழை. இடையில் ஓடையைத் தோண்டினால் திறந்த பள்ளத்தில் மழை பெய்யும். நல்ல வேலைக்காலம் ஜனவரி முதல் மே வரை. ஆகவே மழையில் படம் எடுத்து, நவம்பருக்குள் மனு கொடுத்து, தீர்மானத்தை டிசம்பருக்குள் கொண்டுவர முயலுங்கள். மே மாதத்தில் கொடுக்கிற ஓடை மனு பெரும்பாலும் அடுத்த ஆண்டு மனுதான். தேர்தல் அறிவிப்பு வந்தால் நடத்தை விதிகளால் புதிய வேலைகள் நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

7. வேலை நடக்கும் நாட்களில்

வேலை வந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறோம். அப்போதுதான் உடனிருக்க வேண்டும்.

முதலில் வேலைகளின் வரிசை: மண்ணுக்கடியில் போகும் குடிநீர்க் குழாய், அதற்குப் பிறகு ஓடை, கடைசியாகத் தளம். தளம் போடப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றே தெருவில் யார் யாருக்குப் புதிய குடிநீர் இணைப்பு வேண்டும் என்று பட்டியல் எடுத்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதிய தளத்தை ஒரு மாதத்தில் உடைக்க வேண்டி வரும், உடைப்பதற்கான கட்டணமும் விண்ணப்பித்தவர் தலையில்தான் விழும்.

ஓடையில் எல்லோரும் சுவரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அடித்தளத்தின் சரிவு. மேல்மூடி போடும் முன் மேட்டுப் பக்கத்திலிருந்து நான்கு குடம் தண்ணீரை ஊற்றி, கடைசிவரை ஓடுகிறதா என்று ஒப்பந்ததாரரின் ஆள் இருக்கும்போதே பாருங்கள். நடுவில் நின்றால் அப்போதே சொல்லுங்கள். மூடி போட்ட பிறகு யாரும் திறக்க மாட்டார்கள்.

கான்கிரீட்டை ஏழு நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஆள் வரவில்லை என்றால் வீட்டுக்கு ஒரு வாளி நாமே ஊற்றலாம். தளம் பிளந்தபின் மனு எழுதுவதைவிட அது எளிது.

8. அசையவில்லை என்றால் ஏறும் படிகள்

முப்பது நாள் கடந்ததும் அதே செயல் அலுவலருக்கு ஒரு நினைவூட்டல். முந்தைய மனுவின் தேதியையும் அரசாணை 99ஐயும் குறிப்பிட்டு, முத்திரையிட்ட படியின் நகலை இணையுங்கள். பலமுறை இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

அடுத்தது மாவட்டத்திலுள்ள பேரூராட்சிகளின் உதவி இயக்குநர். அதற்கு மேல், திங்கட்கிழமைகளில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். முதலமைச்சரின் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் பதியலாம்.

எடுத்த எடுப்பில் ஆட்சியரிடம் போகாதீர்கள். அங்கே கொடுக்கும் மனு எண் போட்டு உங்கள் செயல் அலுவலருக்கே திரும்பி வரும். முன்பு கொடுத்த மனுக்களின் நகல் இல்லாவிட்டால் அது அங்கே புது மனு, நாள் கணக்கும் புதிதாகத் தொடங்கும். நகல்கள் இருந்தால், இத்தனை நாள் ஏன் ஆயிற்று என்ற கேள்வியோடு வரும்.

கடைசியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று மறுப்பார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: "இந்தத் தேதியிட்ட என் மனுவின் மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகல்", "இந்தப் பணிக்கான மதிப்பீட்டின் நகல்", "மன்றத் தீர்மானத்தின் நகல்". முப்பது நாளில் பதில் வராவிட்டால், அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இரண்டாவது மேல்முறையீட்டுக்கு 90 நாள் உண்டு.

9. வேலை முடிந்த பிறகு ஒரு தாள்

இதை யாரும் செய்வதில்லை. ஓடை கட்டி முடித்ததும் செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பணி முடிந்ததற்கு நன்றி சொல்லி, நீளத்தையும் முடிந்த தேதியையும் குறித்து, ஆண்டுதோறும் மே இறுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் இந்த ஓடையில் மண் அள்ளும்படி கேளுங்கள். அந்தக் கடிதத்துக்கும் முத்திரை வாங்கி, பழைய மனுக்கள், படங்கள், ரசீதுகளுடன் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

எங்கள் தெருமுனை ஓடை, நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதிய ஒரே மனுவில், அடுத்த கோடையில் சுத்தமானது. அந்த உறை இப்போது எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணிடம் இருக்கிறது. இந்த ஆண்டு மே மாதக் கடிதத்தை அவள்தான் எழுதினாள்.